பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது

அன்புள்ள பாப்பா,

கோட்டை மாரியம்மனுக்குப் பூச்சாட்டிவிட்டார்கள். ஏற்காட்டிலிருந்து சித்தப்பா மிளகு கொடுத்தனுப்பியிருக்கிறான். இதெல்லாம் அம்மா சொல்லியிருப்பாள்.

அவள் என்னிடமும் ஒன்று சொன்னாள். காதில் விழாத மாதிரி பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டேன். மார்பில் இருந்த கட்டிக்கு இங்கே ஊசி போட்டு சதை எடுத்துப் பார்த்ததில் வெறும் ஃபைப்ரோஅடினோமா, புற்றுநோய் இல்லாத சாதாரணக் கட்டி என்றுதானே வந்தது? அங்கே எடுத்த ஸ்கேனில் புதுசாக ஏதோ தெரிகிறது என்று எழுதிவிட்டார்களாம். அதிலிருந்து நீ போனே எடுப்பதில்லை. எனக்கும் போனில் இதைப் பேச நாக்கு வராது. ஆனால் காலமெல்லாம் எக்ஸ்ரே ரூமில் நின்றவன் சொல்கிறேன், கேள்.

அந்த ஊசி சதையைத் துணுக்குத் துணுக்காக வெட்டி எடுக்கிறது. அந்த இடத்தில் ரத்தம் கட்டலாம். ஸ்கேனில் அது கருப்பாக, ஓரம் கலங்கித் தெரியும். முன்னால் எடுத்த படத்தைப் பார்க்காதவருக்குப் புதுக் கட்டி மாதிரியே இருக்கும். பெரும்பாலும் சில வாரங்களில் கரைந்துவிடும். மேமோகிராமில், அதாவது மார்பு எக்ஸ்ரேயில், பலருக்கு ஊசித் தடமே தெரியாது. ஆபரேஷன் செய்தால்தான் தழும்பு வருஷக்கணக்கில் நிற்கும். அடையாளத்துக்குக் கிளிப் வைத்தார்களா? எள்ளளவு உலோகம்தான், படத்தில் வெள்ளையாகப் பளிச்சென்று தெரியும். அதைப் பார்த்தே அழுதவர்கள் உண்டு.

பழைய படங்களைக் கொண்டுபோய்க் காட்டு. ரிப்போர்ட் மட்டும் போதாது, படம் வேண்டும். பீரோவில் இருந்ததை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஓரமெல்லாம் வழவழவென்று சுத்தமாக இருக்கிறது. கூரியரில் போடுகிறேன், மடக்கிவிடாதே. ஊசி போட்ட தேதி, எந்தப் பக்கம், மார்பைக் கடிகாரமாக நினைத்தால் எத்தனை மணி இடம் என்று சீட்டில் எழுதிக் கொடு. ஆபீஸில் அத்தனை பேரை வேலை வாங்குகிறாய் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். ஸ்கேன் டாக்டரிடம் "பழசோடு ஒப்பிட்டுப் பாருங்கள்" என்று கேட்க உனக்கு வாய் வராதா?

எல்லாமே ஊசியால் வந்ததுதான் என்று நானும் அடித்துச் சொல்லமாட்டேன். கட்டி பெரிதாகியிருந்தால் மறுபடி ஊசி போடச் சொல்வார்கள், தட்டாதே. 6 மாதம் கழித்து வா என்றாலும் தள்ளிப்போடாதே. படங்களை மறந்துவிடாதே.

மாப்பிள்ளையிடம் சொன்னாயா? அம்மாவைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறாள்.

அப்பா