மலைப்பாதையில் லாரியை நிறுத்திய அண்ணனுக்கு

வத்தலக்குண்டு தாண்டி கொடைக்கானல் மலை ஏறும்போது, ராத்திரி மழையில் எங்கள் பழைய பெட்ரோல் கார் திக்கித் திணறியது. பின்சீட்டில் அம்மா. கார்புரேட்டர் சுத்தம் செய்து, பெட்ரோலைப் பொறியால் பற்றவைக்கும் பிளக்கும் மாற்றிய வண்டிதான். இன்ஜின் விட்டுவிட்டு ஓடும் அந்த மிஸ்ஸிங் மட்டும் போகவே இல்லை.

கூப்பிடாமலே லாரியை ஓரங்கட்டி வந்தீர்கள், அண்ணே. இன்ஜின் ஓடும்போதே, காய்ந்த துணியைச் சுற்றிப் பிடித்து, பிளக் ஒயரை ஒவ்வொன்றாக உருவி மாட்டினீர்கள். முதல் இரண்டுக்கும் இன்ஜின் தடுமாறியது. மூன்றாவதற்கு ஒரு மாற்றமும் இல்லை. “இந்த சிலிண்டர்தான் சும்மா கெடக்கு” என்று டார்ச்சை அணைத்தீர்கள். இருட்டில், ஒயர் வெடிப்பிலிருந்து இன்ஜின் மேல் நீலப்பொறி சட்சட்டென்று தாவியது. பிளக்குக்குப் போகவேண்டிய கரண்ட்!

இன்ஜினை அணைத்து, ஈரம் துடைத்து, சைக்கிள் டியூப் துண்டைச் சுற்றிக் கட்டினீர்கள். அம்மாவுக்கு ஃபிளாஸ்க் டீ வேறு. காசும் வாங்கவில்லை, பேரும் சொல்லவில்லை.

புது ஒயர் செட் போட்டாச்சு அண்ணே. அந்த அண்ணன் கேரட் லோடு ஏற்றப் போனவர். தெரிந்தவர்கள் அவரிடம் சொல்லிவிடுங்கள்.