தேதியும் எண்ணும்: வடசென்னை ஏற்றுமதியாளர் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

சங்கப் பொறுப்பாளர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மண்ணடியிலும் பாரிமுனையிலும் ஷிப்பிங் பில் (சுங்கத்துறைக்குக் கொடுக்கும் ஏற்றுமதி அறிவிப்பு) போட்டு, கன்டெய்னர் ஏற்றி அனுப்பும் வேலை பார்ப்பவர்கள் நாங்கள். திருவொற்றியூர், மணலி, மாதவரம் பக்கத்துப் பட்டறைக்காரர்களும் சவுகார்பேட்டையிலிருந்து பார்சல் அனுப்பும் வியாபாரிகளும் உங்கள் சங்கங்களில் இருக்கிறார்கள். உங்கள் கூட்டங்களில் பேச்செல்லாம் அமெரிக்க வரி எத்தனை சதவீதம் என்பதாகவே இருக்கிறது. இன்றைய விகிதத்தை நாங்கள் இங்கே எழுதப்போவதில்லை, நீங்கள் படிக்கும்போது மாறியிருக்கலாம். விகிதத்தை முடிவு செய்வது வாஷிங்டன். சிறு ஏற்றுமதியாளரின் கையைக் கடிப்பது பல நேரம் விகிதம் அல்ல. காகிதத்தில் இருக்கும் ஒரு தேதி, ஒரு பெயர், ஒரு எண். இந்த மூன்றும் நம் மேசையில் எழுதப்படுபவை.

முதலில் தேதி. 2025 ஏப்ரல் 2-இல் இந்தியச் சரக்குக்கு 26 சதவீதம் என்றார்கள், ஒரே வாரத்தில் நிறுத்திவைத்தார்கள். ஆகஸ்ட் 7-இல் 25 சதவீதம் வந்தது. ரஷ்ய எண்ணெயைக் காரணம் காட்டி ஆகஸ்ட் 27-இல் இன்னொரு 25 ஏறியது. அமெரிக்கக் கிழக்குக் கரை நேரப்படி நள்ளிரவு 12:01 மணி என்று உத்தரவில் இருந்தது. நம் கடிகாரத்தில் அது காலை 9:31. அதற்கு முன் கப்பலில் ஏறிவிட்ட சரக்குக்கு விலக்கு உண்டு, ஆனால் அது குறிப்பிட்ட தேதிக்குள் அமெரிக்காவில் சுங்க நுழைவு ஆகியிருக்க வேண்டும். ஆகஸ்ட் 7 உத்தரவுக்கு அக்டோபர் 5 வரை அவகாசம் இருந்தது. ஆகஸ்ட் 27 உத்தரவுக்குக் கெடு செப்டம்பர் 17, அதாவது 21 நாள். சென்னையில் ஏறும் பெட்டி பெரும்பாலும் கொழும்பிலோ சிங்கப்பூரிலோ இறங்கி வேறு கப்பலுக்கு மாறுகிறது. செங்கடல் வழியைத் தவிர்த்து ஆப்பிரிக்க முனையைச் சுற்றிப்போகும் கப்பல் நியூயார்க் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிடும். ஆகஸ்ட் கடைசியில் அடித்துப்பிடித்து ஏற்றிய கடல் சரக்குக்கு அந்த 21 நாள் சலுகை ஏட்டுச் சுரைக்காய்தான்.

இதில் கவனிக்க வேண்டியது, உத்தரவு கேட்பது கப்பலில் ஏறிய தேதியை. ஷிப்பிங் பில் தேதியோ, லெட் எக்ஸ்போர்ட் என்ற சுங்க அனுமதி கிடைத்த தேதியோ, பெட்டி துறைமுகத்துக்குள் நுழைந்த கேட்-இன் தேதியோ கணக்கில் வராது. கப்பல் கம்பெனி தரும் சரக்குச் சீட்டான பில் ஆஃப் லேடிங்கில் 'கப்பலில் ஏற்றப்பட்டது' என்ற முத்திரையும் தேதியும் இருக்க வேண்டும். 'ஏற்றுவதற்காகப் பெறப்பட்டது' என்று மட்டும் இருந்தால் அது சாட்சி ஆகாது. எண்ணூர் விரைவுச் சாலையில் ட்ரெய்லர் வரிசை நீளும் நாளில் ஆலையை விட்டுக் கிளம்பிய நேரத்துக்கு மதிப்பே இல்லை. பெட்டியை ஒப்படைக்கும் கடைசி நேரமான கட்-ஆஃப் தவறினால் பெட்டி அடுத்த கப்பலுக்குத் தள்ளப்படும். எடைச் சான்று வராத பெட்டியையும் ஏற்ற மாட்டார்கள், 2016 ஜூலையிலிருந்து அது சர்வதேச விதி. ஆகவே வரி மாறும் என்று செய்தி வந்ததும் பையரோடு விலை பேசுவதற்கு முன் கப்பல் அட்டவணையை எடுத்துப் பின்னோக்கி எண்ணுங்கள். அங்கே சேரும் நாள், கப்பல் மாறும் துறைமுகத்தில் காத்திருக்கும் நாள், இங்கே ஏறும் நாள், கட்-ஆஃப், அதற்கு இரண்டு நாள் முன்பாகக் கேட்-இன். எண்ணி வரும் நாள் ஏற்கனவே கடந்துவிட்டது என்றால் ஓவர்டைம் கொடுத்து அவசரமாக ஸ்டஃபிங் (பெட்டியில் சரக்கு அடுக்குவது) செய்வதில் பயனில்லை. அந்தக் கூலியாவது மிஞ்சட்டும்.

அடுத்தது பெயர், வரி யார் பெயரில் என்பது. எஃப்.ஓ.பி. (கப்பலில் ஏற்றும்வரைதான் செலவு நம்முடையது) விலைக்கு விற்றால் அமெரிக்க வரி பையருடையது. டி.டி.பி. (வரி கட்டி ஒப்படைக்கும் விலை) என்று ஒப்புக்கொண்டால் அங்கே வீட்டு வாசல்வரை எல்லா வரியும் உங்களுடையது. ஆன்லைனில் விற்பவர்களும், அமெரிக்காவில் கிடங்கு எடுத்திருப்பவர்களும் பழக்கத்தில் டி.டி.பி. போட்டுவிடுகிறார்கள். வரி 3 சதவீதமாக இருந்த காலத்தில் அது வலிக்கவில்லை. நூறு டாலர் சரக்குக்கு ஐம்பது டாலர் வரி என்று ஆனபோது லாபம் போய் முதலுக்கே மோசம் வந்தது. இனி எழுதும் ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு வாக்கியம் சேருங்கள்: ஆர்டர் தேதிக்குப் பிறகு இறக்குமதி வரி கூடினாலும் குறைந்தாலும் அந்த வித்தியாசம் யாருடையது. குறைந்தால் என்ன என்பதையும் எழுத வேண்டும், அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். அவசரகால அதிகாரச் சட்டத்தை வைத்துப் போட்ட வரிகளுக்கு எதிரான வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. அப்படி ஒரு வரி திரும்பக் கிடைத்தால் அது இறக்குமதியாளராகப் பதிவானவர் பெயருக்குத்தான் போகும். வரியில் பாதியைத் தாங்குகிறேன் என்று இங்கிருந்து விலையைக் குறைத்தவர், அதை ஒரு தாளில் எழுதி வாங்கியிருக்காவிட்டால் கேட்கவே முடியாது.

விலை குறைப்பதிலும் ஒரு சிக்கல். ஷிப்பிங் பில் போட்டு அனுப்பிய பிறகு பத்து சதவீதம் தள்ளுபடி என்று வாய்மொழியாகச் சொன்னால் பணம் குறைவாக வரும், வங்கியில் அந்த பில் மூடாமல் கிடக்கும். குறைப்பதற்கு வங்கியின் ஒப்புதல் வாங்க வேண்டும். குறைத்த தொகைக்கு ஏற்ப டிராபேக்கை (ஏற்றுமதிக்காகச் சுங்கத்துறை திருப்பித் தந்த வரியை) திருப்பிக் கட்ட வேண்டும். தள்ளுபடி கொடுப்பதானால் சரக்கு கிளம்பும் முன் இன்வாய்ஸிலேயே காட்டுங்கள்.

இரும்பு, அலுமினிய வேலை செய்பவர்களுக்குக் கதை வேறு. 2025 ஜூன் 4 முதல் அந்த உலோகங்களுக்குத் தனியாக 50 சதவீதம் போட்டார்கள், ஆகஸ்ட் 18-இல் அவற்றால் செய்த 407 சுங்கத் தலைப்புகள் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கேட்கும் கேள்வி, இரும்பு எந்த நாட்டில் உருக்கி ஊற்றப்பட்டது, அலுமினியம் எங்கே உருக்கப்பட்டது, எங்கே வார்க்கப்பட்டது. அலுமினியத்தின் பூர்வீகம் தெரியாது என்றால் 2025 ஜூன் 28 முதல் ரஷ்ய அலுமினியத்துக்கான அதே 200 சதவீத வரியைப் போட்டார்கள். கிலோவுக்கு இரண்டு ரூபாய் மலிவு என்று பில் இல்லாமல் இன்காட் (உலோகக் கட்டி) வாங்குவதன் விலை இதுதான். இன்காட் வரும்போதே உருக்கிய நாடு, வார்த்த நாடு, ஹீட் நம்பர் (ஒரே தடவையில் உருக்கிய தொகுதியின் எண்) மூன்றும் உள்ள சர்ட்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்குங்கள். ஹீட் நம்பரைப் பேக்கிங் லிஸ்ட்டிலும் ஏற்றுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு ஹீட் கலந்தால் தனித்தனிக் கட்டாகக் கட்டி அட்டை தொங்கவிடுங்கள்.

சீனப் பாகத்தை வாங்கிப் பொருத்தி 'இந்தியத் தயாரிப்பு' என்று ஸ்டிக்கர் ஒட்டும் யோசனை சிலருக்கு இருக்கிறது. 2025 ஜூலை 31 உத்தரவுப்படி, வரியை ஏய்க்க நாடு மாற்றி அனுப்பியது என்று கண்டால் 40 சதவீதம், அபராதம் தனி என்று இருந்தது. வேண்டாம்.

இனி எண். இதுதான் சிறிய தவறு, அதிகம் அலையவைப்பதும் இதுதான். சென்னையில் 2020 ஜூன் 8-இல் இறக்குமதிக்கு முகமறியா மதிப்பீடு (அதிகாரியை நேரில் பார்க்காமல் கணினி வழியே நடப்பது) வந்ததிலிருந்து மேசைக்கு முன் போய் விளக்கம் சொல்லும் காலம் முடிந்துகொண்டிருக்கிறது. ஏற்றுமதிச் சரக்குக்குக் கட்டிய ஐ.ஜி.எஸ்.டி. வரியின் ரீஃபண்டையும் கணினிதான் ஒப்பிட்டுத் தருகிறது. ஷிப்பிங் பில்லே ரீஃபண்ட் மனு, வேறு விண்ணப்பம் கிடையாது. அதில் உள்ள இன்வாய்ஸ் எண்ணும் விற்பனைக் கணக்குப் படிவமான ஜி.எஸ்.டி.ஆர்-1-இன் 6ஏ அட்டவணையில் உள்ள எண்ணும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். கணக்காளர் '017/25-26' என்று போட்டிருக்கிறார். பேக்கிங் பகுதியில் வேறொரு புத்தகத்திலிருந்து 'எக்ஸ்-17' என்று இன்வாய்ஸ் எழுதி எங்களுக்கு அனுப்புகிறார்கள். மனிதக் கண்ணுக்கு இரண்டும் ஒரே பில். கணினி எஸ்.பி.005 என்ற பிழைக் குறியைக் காட்டி நிறுத்திவிடும். ஜி.எஸ்.டி. எண் மாறினால் எஸ்.பி.003. கப்பல் கம்பெனி ஈ.ஜி.எம். (ஏற்றிச்சென்ற சரக்குப் பட்டியல்) தாக்கல் செய்யாவிட்டால் எஸ்.பி.002, அதற்கு நீங்கள் விரட்ட வேண்டியது கப்பல் கம்பெனியை, சுங்கத்துறையை அல்ல. 005 வந்தால் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் தவறு இருந்தால் 9ஏ அட்டவணையில் திருத்தலாம். ஷிப்பிங் பில்லில் தவறு இருந்தால் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிய பொருத்த அட்டவணை கொடுத்து அதிகாரியிடம் சரிசெய்ய வேண்டும். வராமலிருக்க வழி எளிது: ஏற்றுமதிக்குத் தனி இன்வாய்ஸ் புத்தகம் வைக்காதீர்கள். ஒரே வரிசை, 16 எழுத்துக்குள், நடுவில் இடைவெளி இல்லாமல்.

அமெரிக்கா போகும் பெட்டிக்கு இன்னொரு கெடு உண்டு. அந்த நாட்டுக்குக் கிளம்பும் கப்பலில் ஏற்றுவதற்கு 24 மணி நேரம் முன்பே தயாரிப்பாளர் பெயர், மூல நாடு, ஆறு இலக்க ஹெச்.எஸ். எண் (சரக்கு வகையைக் குறிக்கும் சுங்க எண்) எல்லாம் அங்கே பதிவாக வேண்டும். தவறினால் 5,000 டாலர் வரை அபராதம். பையர் கட்டுவார், பிறகு உங்கள் பில்லில் கழிப்பார். ஹெச்.எஸ். எண்ணின் முதல் ஆறு இலக்கம் இரு நாட்டுக்கும் பொது. அதற்குமேல் நம்முடையது எட்டு, அவர்களுடையது பத்து. நம் எட்டை அவர்களுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். பத்து இலக்கத்தைப் பையரிடமிருந்து எழுத்தில் வாங்குங்கள்.

பார்சல்காரர்களுக்குச் சுருக்கமாக: 800 டாலர் வரை வரியில்லை என்ற சலுகை 2025 ஆகஸ்ட் 29-இல் போனது. ஒரு கவரிங் செட் அனுப்பினாலும் அங்கே வரி உண்டு என்று வைத்து விலை போடுங்கள்.

சங்கங்களிடம் எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆண்டு விழாவின் சால்வைச் செலவைக் கொஞ்சம் குறைத்து, அந்தப் பணத்தில் பகுதிநேரமாக ஓர் ஆளை அமர்த்துங்கள். ஸ்டஃபிங்குக்கு முந்தைய நாள் மாலை உறுப்பினரின் ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில்லின் செக்லிஸ்ட் (தாக்கலுக்கு முந்தைய சரிபார்ப்பு நகல்) மூன்றையும் பக்கத்தில் வைத்து எண், எடை, மூல நாடு, விற்பனை நிபந்தனை நான்கையும் டிக் அடிப்பது மட்டும் அவர் வேலை. ஒரு பில்லுக்குப் பத்து நிமிடம் போதும். எதைப் பார்க்க வேண்டும் என்று முதல் மாதம் நாங்களே உடன் உட்கார்ந்து காட்டித் தருகிறோம், கட்டணம் வேண்டாம்.

இப்படிக்கு,
மண்ணடி, பாரிமுனை வட்டாரத்தில் கப்பல் காகித வேலை பார்ப்பவர்கள்