வண்டிக் கடன் வாங்கி அந்த வேலைக்குப் போகாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

சென்னையில் பார்சல் டெலிவரி வேலை கிடைத்திருக்கிறது, மாதம் முப்பதாயிரத்தை நெருங்கும் என்கிறார்கள், போகட்டுமா என்று கேட்டாய். அம்மா பக்கத்தில் இருந்ததால் தொலைபேசியில் விரிவாகப் பேச முடியவில்லை. இதே கேள்வியோடு விருத்தாசலத்திலும் பண்ருட்டியிலும் எத்தனையோ பிள்ளைகள் இருப்பார்கள். அதனால் எல்லோரும் படிக்கும்படியாகவே எழுதுகிறேன்.

"டிப்ளமோ படித்தவன் வீடு வீடாகப் பொட்டலம் கொடுக்கப் போவதா?" என்று அம்மா கேட்டது உனக்கும் காதில் விழுந்திருக்கும். அதை மனத்தில் வைத்துக்கொள்ளாதே. மாதவரம் பக்கம் ஒரு பார்சல் ஒப்பந்ததாரரிடம் நான் கணக்கு எழுதுகிறேன். காலை ஆறு மணிக்கு மூட்டையைப் பிரித்து, எந்தத் தெருவை முதலில் முடிப்பது, எந்தப் பொட்டலம் பையின் அடியில் போக வேண்டும் என்று ஒரு பையன் அடுக்குவதைப் பார்த்தால் அது எவ்வளவு தேர்ந்த வேலை என்று தெரியும். சென்னையில் ஒரே வீட்டுக்குப் பழைய எண், புதிய எண் என்று இரண்டு கதவு எண்கள் இருக்கும்; முகவரியில் எதை எழுதியிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்க மாட்டார்கள். பெரம்பூர் சந்துகளில் அதைத் தலையில் ஏற்றி வைத்திருக்கிறவனைப் பார்த்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது. இந்த வேலையில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை. என் கவலையெல்லாம் கணக்கைப் பற்றியது.

உன்னிடம் ஒரு பார்சலுக்கு 14 ரூபாய், நாளைக்கு 80 பார்சல் என்றார்கள். 26 நாளுக்குப் பெருக்கினால் 29,120 ரூபாய். முப்பதாயிரம் என்ற பேச்சு அங்கிருந்துதான் வருகிறது. ஆனால் கையில் கொடுப்பது 80 என்றால் 80க்கும் காசு வராது. வீடு பூட்டியிருக்கும், ஓடிபி வராது, பணம் கொடுத்து வாங்க வேண்டியவர் வேண்டாம் என்பார். திரும்பி வரும் பார்சலுக்குப் பெரும்பாலான இடங்களில் ஒன்றும் கிடையாது. அலைந்த பெட்ரோல் உன்னுடையது. சராசரியாக 65 சேர்ந்தது என்று வை: 23,660 ரூபாய். நின்று நின்று ஓட்டும் வண்டி நாளைக்கு ஒன்றரை லிட்டர் குடிக்கும். பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாய் என்றால் மாதம் 3,900. புது பைக்குக்கு மாதத் தவணை 3,500 என்றாய். ஆயில், டயர், பிரேக் ஷூ என்று 1,200 எடுத்து வை. போன் ரீசார்ஜ் 300. மிச்சம் 14,760 ரூபாய். அதில்தான் அறை வாடகை, சாப்பாடு எல்லாம். இப்போது உதிரிபாகக் கடையில் வாங்கும் 13,000 ரூபாய்க்கு நீ வாடகை கொடுப்பதில்லை, சாப்பாடு அம்மா கையால்.

இதில் போன், பெட்ரோல் எல்லாம் வேலையை விட்ட அன்றே நின்றுவிடும். தவணை நிற்காது. இரண்டாம் மாதமே ஒத்துவரவில்லை என்று தெரிந்தும் 36 மாதக் கடனுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறவர்களைச் சம்பளப் பட்டுவாடா நாளில் பார்க்கிறேன். ரேட்டைக் குறைத்தாலும் அவர்களால் வாய் திறக்க முடியாது. வண்டி அவர்கள் பெயரில், கடன் அவர்கள் தலையில். உன்னை அந்த வரிசையில் நிற்க வைத்துப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. ஆகவே போவதானால், முதல் சில மாதம் வாடகை மின்ஸ்கூட்டரில் ஓட்டு. இப்போது வார வாடகைக்கே கிடைக்கிறது. வாடகை கூடுதலாகத் தெரியும், தெரியட்டும். பிடிக்காவிட்டால் சாவியைக் கொடுத்துவிட்டு ஊருக்கு வரலாம்.

அப்பாவின் வண்டியை எடுத்துக்கொள்ளலாம் என்று யோசித்திருப்பாய். அதன் இன்சூரன்ஸ் தாளை எடுத்துப் படி. வெள்ளை நம்பர் பிளேட் வண்டிக்கு எடுக்கும் பாலிசி சொந்தப் பயன்பாட்டுக்கானது. கூலிக்குச் சரக்கு ஏற்றுவது அதில் வராது என்று அச்சிட்டிருப்பார்கள். பார்சல் பையோடு விபத்தில் சிக்கினால் இழப்பீட்டை மறுக்க அந்த ஒரு வரி போதும். கூடவே 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு ஒன்று இருக்கும். அது வண்டி யார் பெயரில் இருக்கிறதோ அவருக்குத்தான், அதுவும் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோதான். கால் முறிந்து மூன்று மாதம் படுத்தால் அதிலிருந்து ஒரு ரூபாய் வராது. இந்த வேலையில் அடிக்கடி நடப்பது அந்த மூன்று மாதப் படுக்கைதான்.

அதனால் அவர்களிடம் நீ கேட்க வேண்டிய முதல் கேள்வி பார்சல் ரேட் பற்றியதாக இருக்கக் கூடாது. "என்னைச் சம்பளப் பட்டியலில் சேர்க்கிறீர்களா, பார்சல் கணக்கில் ஒப்பந்தமா?" என்று கேள். சம்பளப் பட்டியல் என்றால், மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் உள்ளவருக்கு இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் அரசுக் காப்பீடு உண்டு. உன் பங்கு 0.75 சதவீதம், அவர்கள் பங்கு 3.25 சதவீதம். வேலையில் அடிபட்டால் கே.கே.நகர் அல்லது அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனையில் சிகிச்சை, எழுந்து நடக்கும்வரை கூலியில் ஏறத்தாழ 90 சதவீதம். பி.எஃப். தனி. சம்பளப் பட்டியலில் 17,000 ரூபாய்தான் என்று காதுக்குக் குறைவாகத் தெரியும் வேலை, அடிபடும் நாளில் 29,000 ரூபாய் வேலையைவிடப் பெரியது.

ஒப்பந்தம்தான் என்றால் எதுவுமே இல்லை என்றும் பயந்துவிடாதே. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. செயலி நடத்தும் நிறுவனங்கள் ஆண்டு வருமானத்தில் 1 முதல் 2 சதவீதத்தைத் தொழிலாளர் நலனுக்கு ஒதுக்க வேண்டும் என்கிறது அது. இப்படிச் செயலி வழியாக வேலை செய்கிறவர்களைக் கிக் தொழிலாளர்கள் என்பார்கள்; தமிழ்நாட்டில் அவர்களுக்கென்று நல வாரியமும் இருக்கிறது. சேர்ந்த வாரமே அதிலும், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்கான மத்திய அரசின் இ-ஷ்ரம் தளத்திலும் பதிவு செய். இவை இ.எஸ்.ஐ.க்கு ஈடாகாது, ஆனால் பதியாதவனுக்கு எதுவும் வந்து சேராது.

இன்னும் சில. ஒரே தடவையில் 30,000 ரூபாய்க்கு மேலோ, ஆண்டுக்கு ஒரு லட்சத்துக்கு மேலோ ஒப்பந்தப் பணம் கொடுத்தால் 1 சதவீதம் வரி பிடிப்பார்கள். கணக்குத் தாக்கல் செய்தால் திரும்ப வாங்கலாம், அதை நான் பார்த்துக்கொள்கிறேன். வசூலித்த ரொக்கத்தை அன்றன்றைக்கே ஹப்பில், அதாவது பார்சல் எடுக்கும் கிடங்கில், கட்டி ரசீது வாங்கு. குறைந்தால் உன் கணக்கில்தான் பிடிப்பார்கள். பார்சல் மலையாய்க் குவிவது தீபாவளிக்கு முன்னால், சென்னையில் மழை கொட்டுவதும் ஐப்பசி, கார்த்திகையில். முட்டியளவுத் தண்ணீரில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போகும் நாள்கள் அவை. சில அடுக்ககங்களில் நான்காம் மாடிக்குக்கூட லிஃப்டில் விட மாட்டார்கள். அப்போது கோபம் வரும். வர வேண்டியதுதான். ஆனால் வாசலில் வாக்குவாதம் செய்யாதே, புகார் ஒன்று போனால் உன் ஐடியை, அதாவது வேலைக்கான செயலிக் கணக்கை, நிறுத்திவிடுவார்கள்.

தபால் துறையையும் மறந்துவிடாதே. கிராமிய அஞ்சல் ஊழியர் பணிக்குத் தேர்வு கிடையாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண்தான். நாளைக்கு நான்கு மணி நேர வேலைக்குத் தொடக்கத்தில் 10,000 ரூபாயும் அகவிலைப்படியும். நீ பத்தாம் வகுப்பில் வாங்கிய மதிப்பெண்ணுக்கு இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. அடுத்த அறிவிப்பு வந்ததும் விண்ணப்பித்துவிடு, இந்த வேலையில் சேர்ந்திருந்தாலும் சரி.

என் முடிவு இது. சம்பளப் பட்டியலில் எடுத்தால் தாராளமாக வா, அம்மாவிடம் நான் பேசுகிறேன். பார்சல் கணக்கு என்றால் வாடகை வண்டியோடு மட்டும் வா. சொந்த வண்டி வாங்கினால்தான் ஐடி தருவோம் என்றால் வர வேண்டாம், கடையிலேயே இரு.

அவர்கள் கையெழுத்து கேட்கும் தாளின் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து எனக்கு அனுப்பு. நான் படித்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதே, ஷோரூமில் முன்பணமும் கட்டாதே. இரவு எட்டு மணிக்குமேல் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடு.

அன்புடன்,
அக்கா