துணை ஒப்பந்ததாரர்களும் பணி அனுமதிச் சீட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தில் ஒப்பந்ததாரர் உரிமம் பெறுவதற்கு 20 தொழிலாளர் என்றிருந்த வரம்பை, 2020ஆம் ஆண்டின் தொழிற்பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 50 பேராக உயர்த்தியிருக்கிறது. மணலி, எண்ணூர் போன்ற பகுதிகளில் பராமரிப்புப் பணிக்கு வரும் சிறு துணை ஒப்பந்தக் குழுக்கள் இதனால் உரிமம் என்ற முதல் சல்லடைக்கே வருவதில்லை.

எனவே ஆபத்தான வேலையைத் தொடங்கும் முன் ஆலைக்குள் வழங்கப்படும் பணி அனுமதிச் சீட்டுதான் அவர்களுக்கு எஞ்சியிருக்கும் காப்பு. வெல்டிங் வேலைக்கும் தொட்டிக்குள் இறங்கும் வேலைக்கும் தனித்தனியே தரப்பட வேண்டிய இச்சீட்டில், உள்ளே ஆக்சிஜன் 19.5 விழுக்காட்டுக்குக் குறையவில்லை, தீப்பற்றக்கூடிய வாயு தேங்கவில்லை என்று அந்த இடத்திலேயே சோதித்த பிறகே கையெழுத்திட வேண்டும். நடைமுறையிலோ, முதன்மை ஒப்பந்ததாரரின் மேற்பார்வையாளர் காலையில் வாங்கிய சீட்டே மாலை ஷிப்டில் வேறு ஆட்கள் இறங்கும்போதும் செல்லும் என்று கருதப்படுவதுண்டு. அதில் உள்ளதை, இறங்குகிறவருக்குத் தெரிந்த மொழியில் (பல இடங்களில் அது தமிழும் அல்ல) எடுத்துச் சொல்வோரும் அரிது.

தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் ஆய்வாளர்கள், கோப்பில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், ஒவ்வொரு சீட்டிலும் துணை ஒப்பந்தத் தொழிலாளரின் பெயரும் ஷிப்டும் சோதனை நேரமும் பதிவாகியுள்ளனவா என்று சரிபார்க்க ஆவன செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒப்பந்தப் பணி மேற்பார்வையாளர் ஒருவர்,
திருவொற்றியூர்