கொடியேற்றி முடிந்ததும் கிராம சபைக்கு

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

“படிக்கிற பிள்ளைகளுக்கு அரசியல் எதற்கு?” என்று கேட்டிருந்த வாசகரின் கடிதத்தைப் படித்தேன். அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. வகுப்பில் ஓர் ஆசிரியர் தன் கட்சிக்கு ஆள் பிடித்தால் முதலில் எதிர்ப்பவன் நானாகத்தான் இருப்பேன். ஆனால் தாமிரபரணிக் கரைப் பள்ளிகளில் 31 வருடம் சமூக அறிவியல் நடத்தியவன் நான். அரசியலைப் பள்ளி வாசலுக்கு வெளியே நிறுத்திவிடலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எங்கள் பக்கத்தில் அது கைக்கயிறாக எப்போதோ வகுப்புக்குள் வந்துவிட்டது. கயிற்றின் நிறத்தைப் பார்த்தே எவன் எந்தச் சாதி என்று ஆறாம் வகுப்புப் பையன் சொல்லிவிடுவான். பெஞ்சிலும் அப்படித்தான் உட்காருவார்கள், கபடிக்கும் அப்படித்தான் பிரிவார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் தடுக்க வந்த அவன் தங்கையையும் பள்ளி மாணவர்களே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில் கயிறு கூடாது என்றது. சரிதான். ஆனால் அதை ஏன் கட்டினாய் என்று பிள்ளையோடு உட்கார்ந்து பேச ஒரு பீரியட் வேண்டாமா? நான் ஒருவனிடம் கேட்டேன். “அண்ணன்மாரு குடுத்தாங்க சார். கட்டலைன்னா கூடச் சேக்க மாட்டாங்க” என்றான். தீண்டாமையை ஒழித்த, அரசியல் சட்டத்தின் 17-வது பிரிவு அவனுக்கு மனப்பாடம். பரீட்சைக்காகப் படித்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஓர் அக்டோபர் 2-ல் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கிராம சபைக்கு அழைத்துப் போனேன். ஓட்டுரிமை உள்ளவர்கள்தான் அதில் உறுப்பினர்கள் என்று சொல்லி, பின்னால் உட்கார்ந்து பார்க்க மட்டும் வைத்தேன். வரவு செலவை வாசித்தார்கள். மறுநாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். “சார், தெருக்குழாய் ரிப்பேருன்னு துட்டு வாசிச்சாங்கள்லா, எங்க தெருவுல குழாயே கெடையாதே?” எனக்கு உடனே பதில் வரவில்லை. போர்டில் அதை அப்படியே எழுதிப் போட்டேன். யாரிடம் கேட்பது, எப்படி மனு எழுதுவது, தகவல் உரிமைச் சட்டம் எதற்கு என்று அந்த வாரம் முழுக்க அந்த ஒரு கேள்வியை வைத்தே பாடம் ஓடியது. என் சர்வீஸில் பிள்ளைகள் மணி அடித்தும் எழுந்திருக்காத வாரம் அது.

அப்புறம் தலைமையாசிரியருக்குப் போன் வந்தது. பிள்ளைகளுக்கு அரசியல் சொல்லிக் கொடுக்கிறாராமே என்று. அதோடு அந்தப் பாடம் நின்றது. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானதைக் கேட்டுக் கல்லூரி மாணவர்கள் வகுப்பை விட்டுத் தெருவுக்கு வந்த திருநெல்வேலிச் சீமை இது. அந்தப் பாடத்தை நடத்திய அதே வகுப்பில், குழாயைப் பற்றிக் கேட்ட பிள்ளையை நான் உட்காரச் சொல்ல வேண்டியிருந்தது.

அரசு ஊழியர் நடத்தை விதி கட்சியில் சேராதே, பிரசாரம் செய்யாதே என்கிறது. கிராம சபையை விளக்காதே என்று எங்கேயும் சொல்லவில்லை. இதை அதிகாரிகள் ஒரு சுற்றறிக்கையாக அனுப்பினாலே பாதி ஆசிரியர்களுக்குப் பயம் போய்விடும்.

ஓட்டு வயது 21-லிருந்து 18 ஆனது 1989-ல். ப்ளஸ் டூ முடிக்கிற பிள்ளை அடுத்த தேர்தலில் ஓட்டுப் போடப் போகிறது. அது படிக்கிற வகுப்பறைச் சுவரிலேயே வாக்குச்சாவடி எண்ணைப் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம்.

ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றி, மிட்டாய் கொடுத்துப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறோம். அன்றைக்கே அதே ஊரில் கிராம சபையும் கூடுகிறது. கடிதம் எழுதிய அந்த வாசகரை நான் கேட்டுக்கொள்வது இதுதான்: இந்த வருடம் உங்கள் பிள்ளையை அங்கே ஒரு மணி நேரம் கூட்டிப்போய் உட்கார வையுங்கள். வீட்டுக்கு வந்து அது கேட்கிற முதல் கேள்வியை இதே பகுதிக்கு எழுதி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சமூக அறிவியல் ஆசிரியர்,
சேரன்மகாதேவி.