செயலாளரின் ஆண்டறிக்கை 2025: வட்சப் குழுவில் போட்டால் சொன்னதாகிவிடுமா?

வணக்கம். எங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் 2025ஆம் ஆண்டுக்கான அறிக்கை இது. பொதுக்கூட்டத்தில் வாசிக்க எழுதியதுதான், ஆனால் போன வருடம் நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே பின்வரிசை முழுவதும் தேத்தண்ணி குடிக்க எழும்பிப் போய்விட்டதால் இந்த முறை முன்கூட்டியே எல்லாருக்கும் அனுப்பிவிடுகிறேன். கணக்கு பொருளாளரிடம் இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை.

2025 வழக்கமான வருடமாகத் தொடங்கவில்லை. கொரோனாவாலும் பிறகு வந்த பொருளாதார நெருக்கடியாலும் குழம்பிய தவணைகள் இன்னும் முழுதாகச் சீராகாததால், முதலாம் தவணை ஜனவரி 27 திங்கட்கிழமைதான் ஆரம்பித்தது. அதற்கு முந்திய கிழமை சிரமதானம் வைத்தோம். மாரி மழைக்குப் பிறகு வளவு முழுக்க முழங்காலளவு புல். கிணறு நிரம்பி வழிந்த நேரம் வெள்ளத்தோடு என்னென்ன உள்ளே போனதோ தெரியாது. ஆகவே கிணற்றை இறைத்து, குளோரின் போட்டு, தண்ணீர்த் தாங்கியை உள்ளே இறங்கித் தேய்த்துக் கழுவினோம். இறங்கியது ஒல்லியான இரண்டு அப்பாமார், வயிறு வைத்த மற்றவர்கள் மேலே நின்று ஆலோசனை சொன்னோம். டெங்கு பயத்தில் சிரட்டை, யோகட் கப், பழைய ரயர் எல்லாம் பொறுக்கி எடுத்தாயிற்று. உடைந்த கதிரைகளுக்கு ஆணி அடித்தது ஒரு பிள்ளையின் அம்மப்பா. தச்சு வேலைக்காரர். கூலி வாங்கவில்லை, ஆனால் பலகையின் தரத்தைப் பற்றி நாள் முழுக்கத் திட்டினார்.

தரம் 1க்கான அனுமதி பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும், ஏனென்றால் ஒவ்வொரு வருடமும் இதே குழப்பம். பாடசாலையின் பெயரில் ‘றோமன் கத்தோலிக்க’ என்று இருக்கிறது, அதிபர் ஒரு சிஸ்டர், பக்கத்திலேயே கோயில், ஆகவே பங்குத்தந்தையிடம் ஒரு கடிதம் வாங்கினால் இடம் கிடைத்துவிடும் என்று புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் 1960, 61இல் அரசாங்கம் பொறுப்பேற்ற பாடசாலைகளில் எங்களுடையதும் ஒன்று. அனுமதி அமைச்சின் சுற்றுநிருபப்படிதான். ஜனவரி 31இல் ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும், வீட்டிலிருந்து தூரம் பார்ப்பார்கள், பொறுப்பேற்ற காலத்தில் இருந்த மத விகிதமும் கணக்கில் வரும். பங்குத்தந்தையிடம் போய் நிற்பதில் பயனில்லை. அவரும் பாவம், போன வருடம் முழுக்க இதையே திருப்பித் திருப்பிச் சொல்லிக் களைத்துவிட்டார்.

தரம் 1 பிள்ளைகளை வரவேற்கும் கால்கோள் விழா நன்றாக நடந்தது. தரம் 2 பிள்ளைகள் புதியவர்களுக்கு மாலை போட்டு, கையைப் பிடித்து வகுப்புக்குக் கூட்டிப்போனார்கள். போன வருடம் அழுது புரண்ட ஒருவன் இந்த முறை புதுப்பிள்ளை ஒன்றுக்கு, “அழாத, பதினொண்டரைக்கு விட்டிடுவினம்” என்று சொல்லிக்கொண்டு போனதை நான் என் காதால் கேட்டேன். அழுதது கூடுதலாக அப்பாமார்தான். யன்னலடியில் நின்று எட்டிப் பார்க்கும் பெற்றோருக்கு மூன்று நாள் அவகாசம் கொடுத்தோம், நான்காம் நாள் எல்லாரும் கேற்றுக்கு வெளியே. ரீச்சர்மார் கேட்டுக்கொண்டதற்காக ஒரு சின்ன வேலையும் செய்தோம்: சப்பாத்தின் உட்பக்கத்தில் பெயர் எழுதுவது. ஒரே கடையில் வாங்கிய முப்பது சோடி வெள்ளைச் சப்பாத்து வாசலில் குவிந்து கிடந்தால் எது யாருடையது என்று, தொலைந்ததைத் தேடித் தரும் அந்தோனியாராலும் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது.

சரி, இனி மார்ச் 14ஆம் திகதி நடந்த விடயத்துக்கு வருகிறேன்.

முதலாம் தவணை மூன்று கட்டமாக நடந்தது. சாதாரண தரப் பரீட்சைக்காக மார்ச் 14இல் முதலாம் கட்டம் முடிந்து, ஏப்ரல் 1 தொடக்கம் 11 வரை இரண்டாம் கட்டம், புதுவருடமும் உயிர்த்த ஞாயிறும் கழிந்து ஏப்ரல் 21இல் மூன்றாம் கட்டம். இதை எனக்கே நாட்காட்டியைப் பார்த்துத்தான் சொல்ல வருகிறது. மார்ச் 14 தவக்காலத்து வெள்ளிக்கிழமை, கட்டத்தின் கடைசி நாளும்கூட. சிலுவைப்பாதை முடிந்ததும் எல்லா வகுப்புகளையும் நேரத்தோடு விடுவதென்று முதல்நாள் பின்னேரம் முடிவாயிற்று. இரவு ஒன்பது மணிக்கு நான் அதை வட்சப் குழுவில் போட்டேன். போட்டுவிட்டு, கடமை முடிந்ததென்று படுத்துவிட்டேன்.

எங்கள் பிள்ளைகளில் பாதிக்கு மேல் கடற்றொழில் செய்யும் வீடுகளிலிருந்து வருகிறார்கள். பல வீடுகளில் ஒரு நல்ல போன்தான், அது அப்பாவோடு கடலுக்குப் போகிறது. அம்மா விடிய எழும்பி நண்டுக் கம்பனிக்குப் போய்விடுவார். பிள்ளையை ஏற்றி இறக்குவது அம்மம்மா. நான் போட்ட செய்தி கரையைத் தாண்டி எங்கேயோ அலைக்குள் இருந்தது. அன்று எல்லாரும் போன பிறகு தரம் 1 பிள்ளை ஒன்று வேப்பமரத்தடியில் தண்ணீர்ப் போத்தலைக் கட்டிப்பிடித்தபடி இருந்தது. சிஸ்டர் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டார். பிள்ளை அழவில்லை, அதுதான் எனக்குக் கூடக் கஷ்டமாக இருந்தது. போத்தல் மூடியைத் திறப்பதும் பூட்டுவதுமாகவே இருந்தது. அம்மம்மா வழக்கமான நேரத்துக்குச் சரியாக வந்தார். குழுவில் போட்டோமே என்று நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “தம்பி, நீங்கள் போனுக்குள்ள சொன்னது எனக்கெப்பிடிக் கேக்கும்?” என்று கேட்டார்.

பிழை என்னுடையது, அறிக்கையிலேயே எழுதி வைக்கிறேன். அதற்குப் பிறகு நிர்வாகக் குழு கூடி மாற்றியவை இவை. நேரமாற்றம் எதுவானாலும் முதல்நாளே துண்டுச்சீட்டாக அடித்து, பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோகும் தகவல் கொப்பியில் ஒட்டுவது, வீட்டில் யாராவது ஒருவர் கையொப்பம் வைப்பது, வைக்க முடியாதவர் பெருவிரல் அடையாளம் வைத்தாலும் போதும். நான் போட்டோகொப்பிக் கடைக்காரன் என்பதால் தாள் விற்கத்தான் இந்த யோசனை என்று ஒருவர் பகிடி விட்டார். துண்டுச்சீட்டு அத்தனையும் இலவசமாக அடித்துத்தான் கொடுத்தேன், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். கேற்றடியில் ஒரு கரும்பலகை, பெரிய எழுத்தில். ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தல். இந்த மூன்றாவதைச் சொன்னபோது ஒரு சைவத் தாய் எழும்பி, “பூசையில சொன்னா நாங்கள் எப்பிடி அறியிறது?” என்று கேட்டார். நியாயம்தான். பூசை அறிவித்தல் கூடுதல் வசதி மட்டும், கொப்பியும் பலகையும்தான் அதிகாரபூர்வம் என்று திருத்தினோம்.

வட்சப் குழுவை மூடவில்லை, ஆனால் இப்போது அதிபரும் வகுப்பாசிரியர்களும் நானும் மட்டும்தான் அதில் எழுதலாம். காலை வணக்கம் சொல்லும் ரோசாப்பூக்கள், பிறந்தநாள் கேக், கனடாவில் இருக்கும் மாமா நடுச்சாமத்தில் கேட்கும் சந்தேகம், இவ்வளவுக்கும் கீழே தடுப்பூசித் திகதி புதைந்து கிடந்ததை நான் கண்டிருக்கிறேன். சிலருக்கு இதில் கோபம். இருக்கட்டும். எழுத்து வாசிக்கச் சிரமப்படுகிறவர்களுக்காக ஒவ்வொரு அறிவித்தலையும் குரல் பதிவாகவும் போடுகிறோம், இதற்கு நல்ல வரவேற்பு.

ஏப்ரல் 21 திரும்பத் தொடங்கிய நாளில் புதிய முறையின் பலன் தெரிந்தது. உயிர்த்த ஞாயிறுக்கு மறுநாள், பாதிப்பேர் வரமாட்டார்கள் என்று ரீச்சர்மார் பந்தயம் கட்டாத குறை. வகுப்புகள் நிறைந்திருந்தன. பெரிய பிள்ளைகளை விடுகிற நேரமளவில் திருத்தந்தை பிரான்சிஸ் இறந்த செய்தி வந்தது. கேற்றடியிலேயே சிலர் செபமாலையை எடுத்துவிட்டார்கள், சிலர் நாளைக்குப் பள்ளிக்கூடமா என்று கேட்டார்கள். முந்தியென்றால் ஆளுக்கொரு பதில் பறந்திருக்கும். அன்று ஒருவரும் வாய் திறக்கவில்லை, சிஸ்டர் முடிவைப் பலகையில் எழுதும்வரை நானும்கூட.

பெற்றோர் கூட்டங்களுக்கு வழக்கமாக அம்மாமார் மட்டும்தான் வருவார்கள். ஞாயிற்றுக்கிழமை தொழிலுக்குப் போகாத வழக்கம் எங்கள் பக்கத்தில் இருப்பதால், இரண்டாம் தவணையில் கூட்டத்தைப் பூசைக்கும் மறைக்கல்விக்கும் பிந்தி வைத்துப் பார்த்தோம். அப்பாமார் வந்தார்கள். வந்து, பிள்ளைக்கு வீட்டுவேலை கூடிப்போச்சு என்று முதல் தடவையாக அவர்களும் சண்டை பிடித்தார்கள். ஓகஸ்ட் 10 தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையை முன்வைத்து இன்னும் மேலதிக வகுப்பு வேண்டும் என்று ஒரு பக்கம், பத்து வயதுப் பிள்ளை மூச்சு விடட்டும் என்று மறுபக்கம். நான் இரண்டாவது பக்கம், ஆனால் தீர்மானம் ஒன்றும் எடுக்கவில்லை.

மற்றவை சுருக்கமாக. எழுதுகருவிகளுக்கான 6000 ரூபா கொடுப்பனவு, சீருடைத் துணி தொடர்பான படிவங்களை நிரப்ப அலுவலக மேசையில் இரண்டு நாள் இருந்து உதவினோம். நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது பலகையும் கொப்பியும் பயன்படவில்லை, பாடசாலையே பூட்டியிருந்தது. வீதிக்கு ஒருவர் என்று பிரித்து வீடு வீடாகப் போய்ச் சொன்னோம். அந்த வீதிப் பட்டியல் இன்னும் கையில் இருக்கிறது, கிழித்துவிட வேண்டாம்.

தீராதவை: காலை 7.30க்குப் பிறகு வரும் ஓட்டோக்கள், இரவு பத்து மணிக்கு ரீச்சர்மாருக்குப் போன் எடுப்பவர்கள். இரண்டாவதற்கு நான் கெஞ்சித்தான் கேட்க முடியும், அவர்களுக்கும் வீட்டில் பிள்ளைகள் உண்டு.

புதிய வருடத்துத் தகவல் கொப்பிகள் வந்துவிட்டன. கூட்டம் முடிந்து போகும்போது வாசல் மேசையில் பெயர் சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். முதல் பக்கத்தில், பிள்ளையை உண்மையாக ஏற்ற வருபவர் யாரோ அவருடைய பெயரை எழுதுங்கள்.

செயலாளர்