ராமலிங்க விலாசத்தில் பிள்ளைகளை உட்கார வைத்து வரையச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ராமநாதபுரம் அரண்மனையில் இருக்கும், சுவரெல்லாம் ஓவியம் நிறைந்த ராமலிங்க விலாசத்துக்குப் பள்ளிப் பிள்ளைகளைச் சுற்றுலா கூட்டி வருகிறார்கள், நல்ல விஷயம்தான். ஆனால் வரிசையாக உள்ளே விட்டு, 'சுவரைத் தொடாதே' என்று அதட்டி, கொஞ்ச நேரத்தில் வெளியே தள்ளி, ராமேசுவரம் போகும் பேருந்தில் ஏற்றிவிட்டால் அந்தப் பிள்ளை என்னத்தைப் பார்த்திருக்கும்?

அந்தச் சுவரோவியங்கள் 1710 முதல் 1725 வரை ஆண்ட முத்து விஜய ரகுநாத சேதுபதி காலத்தவை. ராமாயணக் காட்சிகள் இருக்கின்றன, தஞ்சை மராட்டியரோடு நடந்த போர் இருக்கிறது, சேதுபதியைப் பார்க்க வந்த ஐரோப்பியர்கள்கூட இருக்கிறார்கள். ஒரே ஒரு காட்சி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள் என்கிறேன். பக்கவாட்டு முகத்தில் அந்தப் பெரிய கண், அதை வளைக்கிற ஒரே கோடு, அரசரைப் பெரிதாகவும் பணியாளர்களைச் சின்னதாகவும் போட்டிருப்பது, எல்லாம் வரைந்து பார்க்கும்போதுதான் கண்ணில் படும். இது வரையத் தெரியாமல் செய்தது இல்லை. யார் முக்கியமோ அவர்தான் பெரியவர், அந்த ஓவியனின் கணக்கு அது. தூரத்தில் இருப்பது சின்னதாகத் தெரியும் என்கிற கணக்கை இத்தாலியில் அல்பெர்ட்டி என்ற கட்டடக் கலைஞர் 1435-இல் எழுதி வைத்தார். இரண்டையும் சேர்த்துச் சொன்னால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும்.

அப்புறம் அந்த இரண்டாவது கணக்கைச் சொல்லிக் கொடுக்கக் கடற்கரையைவிட நல்ல வகுப்பு கிடையாது. கரையில் ஏற்றி வைத்த வள்ளத்தின் (படகின்) அணியத்துக்கு, அதாவது முன்முனைக்கு, நேர் எதிரே பிள்ளையை உட்கார வையுங்கள். வள்ளம் நீளம் என்று அதற்குத் தெரியும், அதனால் கை தானாக நீளமாகப் போட்டுவிடும். கண்ணுக்குத் தெரிவது என்னவோ குட்டையாகத்தான். கையை நேராக நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலில் விரலை வைத்து அகலம் எவ்வளவு, உயரம் எவ்வளவு என்று அளந்து பார்த்தால் நம்பவே முடியாது. இரண்டு வள்ளங்களுக்கு நடுவே தெரியும் வானத்தின் வடிவத்தை முதலில் வரையச் சொல்லுங்கள், வள்ளம் தானாக வந்துவிடும்.

கடலோரப் பிள்ளைகளுக்கு வலை பின்னிய கை, கோடு இழுக்க அந்தக் கைக்குத் தயக்கமே இருக்காது. ஆனால் எங்கள் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஓவிய வகுப்பு என்று பலகையில் மட்டும்தான் இருக்கிறது, அந்த நேரத்தைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது. சென்னையில் 1850-லேயே ஓவியப் பள்ளி தொடங்கிய மாநிலம் இது, கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. அங்கே சேர வேண்டும் என்ற ஆசை வருவதற்குள்ளேயே எங்கள் பிள்ளைகள் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறார்கள்.

கல்வித்துறையும் தொல்லியல் துறையும் பேசி, மாதத்தில் ஒரு சனிக்கிழமையாவது வரைகிற பிள்ளைகளுக்காக ராமலிங்க விலாசத்தில் ஒரு மூலையை ஒதுக்கித் தரட்டும். பென்சில், தாள், ஓர் ஓவிய ஆசிரியர் போதும், வண்ணம் எதுவும் உள்ளே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மண்டபம்.